சூடம் காட்டினால் நிற்கும் மிஷின்

அருள்புரம் நிறுத்தத்தில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே இந்துமதிக்குக் குதிகால் சுருக்கென்றது. துப்பறியும் தொழில் என்பது பெரும்பாலும் நடக்கிற தொழில்தான் என்று யாராவது அந்தக் காலத்திலேயே சொல்லியிருந்தால், பேசாமல் ஒரு தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருப்பாள். மாப்பிள்ளைப் பையன் குடிப்பானா என்று விசாரிப்பதும், சரக்கை வாங்கிக்கொண்டு காணாமல் போன ஏஜெண்டைத் தேடுவதும்தான் அவளுடைய அன்றாடப் பிழைப்பு. இந்த வழக்கில் ஒரு மனிதனுக்கு விரல் போயிருந்தது. அதனால் கால் வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லவும் கூச்சமாக இருந்தது.

"ஒரு பழைய காராவது வாங்குங்கக்கான்னு சொன்னா கேக்க மாட்டேங்கீங்க," என்றான் ஆரோக்கியராஜ். "பஸ்ஸுல தொங்கிக்கிட்டு வார போலீச எவன் பாத்துப் பயப்படுவான்? நம்ம மேல பரிதாபப்பட்டு அவனா வந்து சரணடைஞ்சாத்தான் உண்டு."

தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து அயர்ன் வேலைக்கு வந்து, அதைவிட வாய் வேலை நன்றாக வருகிறது என்று கண்டுபிடிக்கப்பட்டு, அவளிடம் உதவியாளனாகச் சேர்ந்தவன். நாம போலீஸ் இல்லை என்று திருத்தும் தெம்பு அவளுக்கு அன்றைக்கு இல்லை.

விஷயம் இதுதான். கிட்டுசாமியின் நிட்டிங் கம்பெனியில் புதிதாக ஒரு கன்ட்ரோலர் மாட்டியிருந்தார்கள். எந்த மிஷினின் கம்பிக் கதவைத் திறந்தாலும் அந்த மிஷின் உடனே நின்றுவிட வேண்டும்; அதற்காகவே மாட்டியது. புதன்கிழமை ஒன்பதாம் நம்பர் மிஷினில் துணி உருளையைச் சுற்றிக்கொள்ள, ஆபரேட்டர் தங்கதுரை கதவைத் திறந்து கையை விட்டார். மிஷின் நிற்கவில்லை. வலது கையில் இரண்டு விரலை அது எடுத்துக்கொண்டது.

கன்ட்ரோலருக்கு மென்பொருள் எழுதியவள் அனுசுயா. அவிநாசி ரோட்டில் ஒரு சின்ன எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் வேலை. அப்பாவும் அம்மாவும் விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்து பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டிப் படிக்கவைத்த பெண். நிறுவனம் அவளை வேலைக்கு வராதே என்று சொல்லிவிட்டது. சனிக்கிழமை காலையில் அவள் பேரில் போலீஸில் புகார் கொடுக்கப் போவதாகக் கிட்டுசாமி முடிவெடுத்திருந்தார். அதற்கு முன்னால், போட்டிக் கம்பெனி யாராவது அவளைத் தூண்டிவிட்டார்களா என்று கண்டுபிடிக்கத்தான் இந்துமதியை அமர்த்தியிருந்தார்.

காலையில் அனுசுயாவை அவள் வீட்டில் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார்கள். அழுது முடித்த முகம். ஆனால் வேலையைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டாள். அவள் சொன்னதில் பாதி இந்துமதிக்குத் தலைக்கு மேல் போனது. மீதிப் பாதி இப்படி: அந்தக் கன்ட்ரோலருக்குள் ஓடும் கெர்னல் என்கிற அடிப்படை மென்பொருளுக்குத் தானாக எதுவும் தெரியாது. எந்தக் கம்பியில் என்ன சாமான் மாட்டியிருக்கிறது என்று ஒரு கோப்பில் எழுதிக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு சாமானுக்கும் அதில் நோடு என்று ஒரு பதிவு. அந்த நோடுக்குப் பெயர் வைக்க ஒரு முறை உண்டு. முன்பாதியில் அது என்ன சாமான் என்று பொதுவாகச் சொல்ல வேண்டும். கதவு என்றால் கதவு, மோட்டார் என்றால் மோட்டார். கம்பெனிப் பெயரோ மாடல் பெயரோ அங்கே வரக் கூடாது. பின்பாதியில் அந்தச் சாமானின் முகவரி எண். அதாவது, மிஷினில் மாட்டிய சின்னப் பெட்டிக்குள் பொத்தான்களால் வைத்திருக்கும் எண்.

"அப்போ 'கர்த்தர் கிருபை மோட்டார்'னெல்லாம் வைக்க முடியாதாம்மா?" என்று கேட்டான் ஆரோக்கியராஜ்.

அந்த நிலைமையிலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. அதற்கும் ஒரு இடம் இருக்கிறது என்றாள். நோடுக்கு உள்ளே லேபிள் என்று ஒரு வரி உண்டு. மனிதர்கள் எப்படிக் கூப்பிடுகிறார்களோ அதை அங்கே எழுதிக்கொள்ளலாம். திரையில் அதுதான் வரும். எழுதாவிட்டால் முகவரி எண்ணே திரையில் வந்துவிடும். லேபிளை யார் எப்படி மாற்றினாலும் மிஷினுக்கு ஒன்றும் ஆகாது. முகவரியை மாற்றினால்தான் ஆபத்து.

கடைசி மிஷினின் கதவுக்கு அவள் எட்டு என்று எழுதியிருந்தாள். இப்போது கோப்பில் ஒன்பது என்று இருந்தது. மாற்றியவர் பெயர் என்ற இடத்தில் அனுசுயா என்று இருந்தது. சோதனைக்காக அவள் தன் லேப்டாப்பைப் பாஸ்வேர்ட் கேட்காதபடி திறந்து கிட்டுசாமியின் கம்பெனியிலேயே கொஞ்ச நாள் விட்டுவைத்திருந்தாள். அதைச் சொல்லும்போதுதான் மறுபடி அழுதாள்.

"தங்கதுரை அண்ணாச்சிகிட்ட நான்தாங்கக்கா சொன்னேன், கதவைத் தொறந்தா நின்னுரும், பயப்படாதீகன்னு. என்னை நம்பித்தான் கையை விட்டுருக்காரு."

அந்த வாக்கியம் பஸ்ஸிலும் இந்துமதியோடு கூடவே வந்தது.

* * *

கிட்டுசாமி வாசல் வரை வந்து வரவேற்றார். வெள்ளை வேட்டி, நெற்றியில் திருநீறு, எதிராளி அசந்துபோகும் மரியாதை. காபி வந்தது, முறுக்கு வந்தது. குற்றவாளி மட்டும்தான் வரவேண்டியிருந்தது.

"அந்தப் புள்ளைய நானும் நல்ல புள்ளைன்னுதான் நெனச்சனுங்க அம்முணி," என்றார். "ஆனா ஒரு குடும்பஸ்தன் கை போச்சுங்களே. யாராச்சும் பதில் சொல்லோணுமுங்க."

அவர் குரலில் நடிப்பு இல்லை. தங்கதுரையின் ஆஸ்பத்திரிச் செலவு முழுவதும் தன்னுடையது என்று முதல் நாளே சொல்லிவிட்டவர். நல்ல மனிதர்கள் தப்பான ஆளைக் கைகாட்டும்போது வேலை இரண்டு மடங்கு ஆகிவிடுகிறது. இந்துமதி காபியை முழுதாகக் குடித்தாள். இனி எப்போது உட்காரக் கிடைக்குமோ தெரியாது.

பக்கத்தில் கிட்டுசாமியின் அக்கா மகன் தமிழ்செல்வன் நின்றிருந்தான். இன்ஜினீயரிங் முடித்துவிட்டு மாமாவின் கம்பெனியில் மிஷின்களைப் பார்த்துக்கொள்கிறவன். கேட்டதற்கெல்லாம் தலையை ஆட்டினான். முறுக்கை எடுத்துக் கையிலேயே வைத்திருந்தான், கடைசி வரை கடிக்கவில்லை.

மிஷின்களைக் காட்ட சூப்பர்வைசர் சுப்பண்ணன் கூட வந்தார். உள்ளே பஞ்சு பறந்துகொண்டிருந்தது. வரிசையாக மிஷின்கள், ஒவ்வொன்றின் நெற்றியிலும் சந்தனம், அதற்குக் கீழே புதுப் பெயிண்டில் நம்பர். இந்துமதி வரிசையின் கடைசி வரை நடந்தாள், நின்றாள், திரும்பிப் பார்த்தாள்.

"ஏழுக்குப் பொறவு ஒம்பது," என்றான் ஆரோக்கியராஜ். "நடுவுல இருந்தவரு டீ குடிக்கப் போயிட்டாரோ?"

சுப்பண்ணன் குரலைத் தாழ்த்திக்கொண்டார். மொதலாளிக்கு எட்டு ஆகாது என்றார். காரில் எட்டு கிடையாது, போன் நம்பரில் கிடையாது, கூட்டினால் எட்டு வருகிற தேதியில் நூல் மூட்டை பிரிக்கக்கூட மாட்டார். புதுக் கன்ட்ரோலரின் திறப்பு விழாப் பூஜைக்கு முந்தின நாள்தான் நம்பர் எழுதினார்கள். ஏழாவதற்கு அடுத்ததை நேராக ஒன்பது என்று எழுதச் சொல்லிவிட்டார்.

"ஒம்பது எப்படிப்பட்ட மிஷினுங்க?" என்று கேட்டாள் இந்துமதி.

"தங்கமான மிஷினுங்க. அதுக்குப் போயி இப்படி ஒரு பழி வந்துருச்சு." சுப்பண்ணனுக்கு உண்மையிலேயே வருத்தம். "சாமி பக்தி உள்ள மிஷினுங்க அது. வெள்ளிக்கெழம பூஜைக்குச் சூடம் காட்டுனா, தானா நின்னு கும்புட்டுட்டு அப்பறந்தான் ஓடும். ரெண்டு மூணு வெள்ளிக்கெழமையா நானே பாத்தனுங்க. பசங்க எல்லாம் அதைப் பூசாரின்னுதான் கூப்புடுவானுக."

ஆரோக்கியராஜ் வாயைத் திறந்தான். இந்துமதி கையைக் காட்டி அடக்கினாள்.

"சூடத்தை எங்க காட்டுவீங்க?"

சுப்பண்ணன் சுவரோரமாக நின்ற பெரிய மின்சாரப் பேனலைக் காட்டினார். பிள்ளையார் படம் அதன் கதவுக்கு உட்புறம் ஒட்டியிருக்கிறது. பஞ்சு படாமல் இருக்கட்டும் என்று தமிழ்செல்வன் தம்பிதான் ஒட்டினார். வெள்ளிக்கிழமை ஷிப்ட் மாறும்போது கதவைத் திறந்து சந்தனம் வைத்து, சூடம் காட்டி, மூடிவிடுவார்கள். அன்றைக்கும் வெள்ளிக்கிழமைதான்.

இந்துமதி ஒரு நூல் கோன் பெட்டியின் மேல் உட்கார்ந்தாள். யோசிப்பதற்காக என்று சுப்பண்ணன் நினைத்தார், குதிகாலுக்காகவும்தான். பிறகு அனுசுயாவுக்குப் போன் போட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அந்தக் கம்பியில் ஒன்பது என்ற முகவரி முதலில் யாருடையது?

"பேனல் கதவோடதுக்கா," என்றாள் அனுசுயா. "அதைத் தொறந்தா திரையில ஒரு விளக்கு மட்டும் எரியும். வேற ஒண்ணும் ஆகாது."

போனை வைத்துவிட்டு இந்துமதி கண்ணை மூடிக்கொண்டாள். ஆரோக்கியராஜ் குனிந்து மெதுவாகக் கேட்டான்: "அக்கா, தூங்குதீங்களா, கண்டுபிடிக்கீங்களா?"

"ரெண்டும்," என்றாள்.

* * *

ஷிப்ட் மாறும் நேரம். இந்துமதி கேட்டுக்கொண்டபடி கிட்டுசாமி வந்து நின்றார். ஒன்பதாம் நம்பரை நூல் இல்லாமல் சும்மா ஓடவிட்டார்கள். யாரும் பக்கத்தில் போகக் கூடாது என்று அவள் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. புதன்கிழமைக்குப் பிறகு எல்லாரும் நாலடி தள்ளித்தான் நின்றார்கள். முதலில் ஆரோக்கியராஜ் ஒரு நீளக் குச்சியால் அதன் கம்பிக் கதவை இழுத்துத் திறந்தான். மிஷின் தன் பாட்டுக்கு ஓடியது. அந்தச் சத்தம் கேட்கச் சகிக்கவில்லை. ஒரு பெண் தொழிலாளி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இது தெரிஞ்சதுதானுங்க," என்றார் கிட்டுசாமி.

"ஆமாங்க. இப்ப நீங்க பூஜையைப் பண்ணுங்க."

சுப்பண்ணன் தட்டோடு வந்து பேனல் கதவைத் திறந்தார். சூடத்தை இன்னும் கொளுத்தக்கூட இல்லை. ஒன்பதாம் நம்பர் நின்றுவிட்டது.

இரண்டு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். இந்துமதி பேனல் கதவைத் தானே மூடி, மிஷினை மறுபடி ஓட்டச் சொல்லி, மறுபடி திறந்தாள். நின்றது. படத்தின் மேல் ஒரு துணியைப் போட்டு மறைத்துவிட்டு மூன்றாம் முறை திறந்தாள். அப்போதும் நின்றது.

"பிள்ளையாருக்கும் இதுக்கும் சம்பந்தமில்லீங்க," என்றாள். "இந்த மிஷின் தன்னோட கதவைப் பாக்கறதே இல்ல. பேனல் கதவைத்தான் தன் கதவுன்னு நெனச்சுக்கிட்டிருக்குது. யாரோ அப்படி எழுதி வெச்சுட்டாங்க."

பக்தியுள்ள மிஷினும் விரல் தின்ற மிஷினும் ஒரே தப்பின் இரண்டு முகம் என்று புரிந்தபோது, சுப்பண்ணன் பூஜைத் தட்டைக் கீழே வைத்துவிட்டார். வாராவாரம் அது அவர் கண் முன்னால் நின்று காட்டியிருக்கிறது. அவர் கும்பிட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

* * *

அலுவலக அறையில் கதவைச் சாத்தியதும் கிட்டுசாமி முதல் ஆளாகப் பேசினார். அப்படியென்றால் அந்தப் பெண் ஒன்பது என்று தப்பாக எழுதியது உறுதியாகிவிட்டது, நாளைக்குப் புகாரில் அதையும் சேர்த்துக்கொள்ளலாம் என்றார்.

"இல்லீங்க," என்றாள் இந்துமதி. "அந்தப் பொண்ணுக்கு அந்த மிஷின் எட்டு. பெட்டிக்குள்ள வெச்ச நம்பர் எட்டு. அவ கம்பெனியில யாரைக் கேட்டாலும் எட்டுன்னுதான் சொல்லுவாங்க. அவ வந்து மாட்டிட்டுப் போனப்போ மிஷின் மேல நம்பரே எழுதலை. அந்த மிஷினுக்கு ஒம்பதுன்னு பேரு இந்த நாலு சுவத்துக்குள்ள மட்டுந்தானுங்க. ஒம்பதுன்னு எழுதுன கை இந்த ஊட்டுக் கைதான்."

"எங்க ஆளுகளுக்கு மிஷினை ஓட்டத்தான் தெரியும். கம்ப்யூட்டர்ல நோண்ட எவனுக்குத் தெரியுமுங்க அம்முணி?"

சொல்லி முடிப்பதற்குள்ளேயே அவருக்கு விடை தெரிந்துவிட்டது. யாரும் தமிழ்செல்வனைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்குத்தான் சிரமப்பட்டார்கள்.

அவன் மறுக்கவில்லை. மறுக்கிற தெம்பு அவனுக்குப் புதன்கிழமையே போயிருந்தது. அந்த லேப்டாப் மேசையில் திறந்தே கிடந்தது என்றான். கோப்பில் கதவு, எட்டு என்று பார்த்ததும் பெயரையும் எண்ணையும் ஒன்பதாக மாற்றி, கன்ட்ரோலரில் ஏற்றினான். ஒரே முகவரியில் இரண்டு சாமான் இருக்கிறது என்று கம்ப்யூட்டர் சொல்லத்தான் செய்தது.

"மஞ்சள் எழுத்துல வந்துச்சுங்க. செவப்புல வந்திருந்தா நிறுத்தியிருப்பேன். வெறும் வார்னிங்தானேன்னு உட்டுட்டேன். ஸ்கிரீன்ல எட்டு போயிருச்சு. அதை மட்டுந்தாங்க பாத்தேன்."

அந்தப் பெண் பேரில் பழி விழுந்தபோது ஏன் வாயைத் திறக்கவில்லை என்று ஆரோக்கியராஜ் கேட்டான். இந்த முறை அவன் குரலில் விளையாட்டு இல்லை. தமிழ்செல்வன் மாமாவைப் பார்த்தான்.

கிட்டுசாமி எழுந்துவிட்டார். முகம் சிவந்திருந்தது. "எதுக்குடா அதை மாத்துன? உன்னை எவன்டா மாத்தச் சொன்னது?"

இந்துமதிக்கு இந்த இடம்தான் எப்போதும் பிடிக்காது. கண்டுபிடிக்கிற வரைக்கும் ஒரு வேகம் இருக்கும். அதன் பிறகு யாராவது ஒருவர் முகம் மாறுவதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும்.

"நீங்கதானுங்க," என்றாள்.

அவர் புரியாமல் பார்த்தார். திறப்பு விழாவன்று கன்ட்ரோலரின் திரையை முதன்முதலாகப் போட்டுக் காட்டியபோது என்ன நடந்தது என்று சுப்பண்ணன் கோன் பெட்டி பக்கத்தில் சொல்லியிருந்ததை அவள் திருப்பிச் சொன்னாள். திரையில் மிஷின்களின் கடைசி எண்ணாக எட்டு வந்தது. முதலாளி மாலையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். மிஷின் மேல் எழுதாமல் விட்டது இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறதே என்று முகம் சுளித்தார். பக்கத்தில் நின்ற மருமகனிடம் ஒரு வார்த்தை சொன்னார்.

"'அதைத் தூக்கீரு கண்ணு'ன்னு சொன்னீங்க மாமா," என்றான் தமிழ்செல்வன். "தூக்கீட்டேன்."

கிட்டுசாமி உட்கார்ந்தார். பிறகு மிகவும் தாழ்ந்த குரலில், இது இந்த அறையோடு இருக்க முடியுமா என்று கேட்டார். தனக்காக இல்லை, அக்கா மகனுக்காக என்றார். இருபத்து மூன்று வயது, பெண் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அனுசுயா மீது புகார் கொடுக்கவில்லை, அவளை எல்லாரும் மறந்துவிடுவார்கள், அது போதாதா?

இந்துமதி போனை எடுத்து அனுசுயாவின் நம்பரைப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து மேசை நடுவில் வைத்தாள். நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னாள். யார் மாற்றினார்கள், ஏன் மாற்றினார்கள், இரண்டையும்.

"அக்கா," என்றாள் அனுசுயா. "அந்த மிஷினை நிப்பாட்டிட்டீகளா?"

"நிறுத்தியாச்சும்மா."

"யாரும் கதவுப் பக்கம் போயிர வேண்டாம்னு சொல்லுங்க." அப்புறம் குரல் உடைந்தது. "எட்டு வேண்டாம்னா லேபிள்ல ஒம்பதுன்னு ஒரு வரி எழுதிக் குடுத்திருப்பேனே. ஒரே ஒரு வரிக்கா. மிஷினுக்கும் தெரிஞ்சிருக்காது, அவுகளுக்கும் எட்டு தெரிஞ்சிருக்காது. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல. என் நம்பரு அந்தப் பேனல் மேலயே ஒட்டியிருக்கே."

கோபமாகக் கத்தியிருந்தால் கிட்டுசாமியால் தாங்கிக்கொண்டிருக்க முடியும். அவர் கைகளை மேசையின் மேல் வைத்து, தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல நேரம் பார்த்து, நல்ல எண் பார்த்து, கெட்டது எதுவும் உள்ளே வராமல் வாசலிலேயே நின்று காவல் காத்த மனிதர். கெட்டது அவர் வாய் வழியாகத்தான் உள்ளே போயிருந்தது.

"அம்முணி," என்றார் போனைப் பார்த்து. "நான் கிட்டுசாமி பேசறேன் சாமி." இந்துமதி போனை எடுத்து அணைத்துவிட்டாள். மன்னிப்பு கேட்பதை அவர் நேரில் போய்க் கேட்கட்டும்.

அவர் எழுந்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"வண்டியை எடு கண்ணு."

"ஸ்டேஷனுக்குங்களா மாமா?" என்று கேட்டான் தமிழ்செல்வன்.

"மொதல்ல ஆஸ்பத்திரிக்கு. தங்கதுரைகிட்ட நம்ம வாயால சொல்லோணும். அப்பறம் ஸ்டேஷனுக்கு. ரெண்டு எடத்துலயும் நானும் கூட வர்றேன்."

வாசலுக்குப் போனவர் ஒன்பதாம் நம்பர் மிஷின் முன்னால் நின்றார். சுப்பண்ணனிடம் சாக்பீஸ் வாங்கி, புதுப் பெயிண்டின் மேல் குறுக்கே ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் எட்டு என்று எழுதினார். கை பழகாத எண், கோணலாக வந்தது. அழித்துவிட்டு மறுபடி எழுதினார்.

இந்துமதி கோன் பெட்டியின் மேல் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள். ஜெயித்த மாதிரியே இல்லை. ஒரு பெண் தப்பித்தாள். அதற்குப் பதிலாக ஒரு பையன் மாட்டிக்கொண்டான். விரல் போனது போனதுதான்.

"அக்கா," என்றான் ஆரோக்கியராஜ், பக்கத்தில் குந்திக்கொண்டு. "நம்ம ஆபீஸு கதவுல '7A'ன்னு போட்டிருக்கு. இந்தப் பக்கத்துக் கடை ஏழு. அந்தப் பக்கத்துக் கடை ஒம்பது."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் அதை ஏன் என்று யாரிடமும் கேட்டதில்லை.

"நாளைக்குக் கேக்கறேன்," என்றாள். "இன்னிக்குக் கால் வலிக்குது."